ஒன்பதாவது படத்துக்கு எழுதிய வரி

டைப்பு அக்காவுக்கு ஐம்பத்து மூன்று வயதில் மிச்சமிருந்தது ஒரே ஒரு தோழிதான். பள்ளிக்கூடத்துத் தோழிகள் கல்யாணமாகி ஆளுக்கொரு திசைக்குப் போய்விட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரியோடு சாக்கடைத் தகராறில் பேச்சு நின்று ஆறு வருஷம் ஆகிறது. கணவர் லாரி ஓட்டுகிறவர். வாரத்தில் மூன்று நாள் வீட்டில் இருந்தால் பெரிய விஷயம், இருக்கிற நாளிலும் தூக்கம். கட்டிக்கொடுத்த மகள் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி, "நல்லாருக்கியாம்மா, சாப்டியாம்மா" என்று இரண்டு கேள்வி கேட்பாள், முடிந்தது. மனசு விட்டுப் பேச என்று இருந்தவள், அவள் வேலை பார்க்கிற குடிநீர் வாரியக் கிளை அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்த ஒருத்திதான். அந்த ஒருத்தியையும் ஒற்றைச் சொல்லால் தொலைக்கப் பார்த்தாள் நம் டைப்பு அக்கா. வாய் தவறிச் சொன்னதென்றால்கூட மன்னிக்கலாம். இது விரலால் தட்டியது.

அந்த அலுவலகத்தில் அவள் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்து இருபத்தெட்டு வருஷம். மெஷின் போய் கம்ப்யூட்டர் வந்தும் அவள் தட்டுகிற வேகத்தில் மேஜை ஆடும். இரண்டு கை விரல்களின் கணுக்களும் வீங்கி, காலையில் சட்டை ஊக்கு மாட்டக்கூட முடியாத வலி. வெளியே சொல்ல மாட்டாள். "டைப்பிஸ்ட்டுக்கு விரல் போச்சுன்னா அப்புறம் என்ன இருக்கு?" என்று கணவரிடம் ஒரு தடவை சொன்னாள், அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

ஆபரேட்டர் அவளைவிட ஆறேழு வயது சின்னவள். பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே டைப்பு அக்கா அவளுடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், பிறகு விடவே இல்லை. மதியம் ஒரு மணி அடித்தால் போய்க் கூட்டி வருவாள். பழைய கோப்புகள் அடுக்கிய அறையில் இரண்டு நாற்காலி, ஒரு மேஜை. ஆபரேட்டரின் சாப்பாட்டு டப்பாவைத் தானே வாங்கித் திறந்து, ஸ்பூனைக் கையில் கொடுத்து, "ம், சாப்பிடுடி" என்ற பிறகுதான் தன் டப்பாவில் கை வைப்பாள்.

அந்த அறையில் அவர்களுக்கென்று ஒரு விளையாட்டு உண்டு. அலுவலகத்தில் இருக்கிற ஒருத்தரையும் விடாமல் பட்டப்பெயர் வைப்பது. டைப்பு அக்கா பார்த்ததை வைத்துப் பெயர் சூட்டுவாள். ஆபரேட்டர் கேட்டதை வைத்து. மேலாளர் இவளுக்கு 'அண்டா', அவளுக்கு 'இருமல்'. காசாளர் இவளுக்கு 'மூக்கு', எந்நேரமும் சட்டைப் பையைக் குலுக்கிக்கொண்டே நடப்பதால் அவளுக்குச் 'சில்லறை'. டைப்பு அக்காவுக்கே ஆபரேட்டர் நேருக்கு நேர் வைத்த பெயர் 'தடதட'.

"எனக்கு என்னக்கா பேரு வெச்சிருக்கே? சொல்லு, கோவிச்சுக்க மாட்டேன்" என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள் ஆபரேட்டர்.

"உனக்கெல்லாம் பேரு எதுக்குடி? நீ நம்ம ஆளு" என்று சொல்லிச் சிரிப்பாள் டைப்பு அக்கா. அப்படிச் சொன்னபோது அவள் பொய் சொல்வதாக அவளுக்கே தெரியாது.

இப்படி இருக்கும்போது மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொரு கிளை அலுவலகத்துக்கும் சொந்தமாக ஓர் இணையப் பக்கம் வேண்டுமாம். அதை அலுவலகத்து ஆளே எழுதக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். இளவட்டங்கள் எல்லோரும் ஆளுக்கொரு சாக்குச் சொல்லி நழுவினார்கள். "டைப் அடிக்கறது உங்க வேலைதானே மேடம், இதுவும் டைப்தான்" என்று மேலாளர் அதை அவள் தலையில் கட்டினார். ஆறு வாரம், வாரத்துக்கு மூன்று நாள், இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை நூலக மாடியில் வகுப்பு.

பாடம் நடத்திய பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. முதல் நாள் ஒரு பக்கத்தைத் திரையில் காட்டி, பிறகு ஏதோ ஒரு பொத்தானைத் தட்டினாள். அழகான பக்கம் போய், கோண அடைப்புகளும் எழுத்துகளுமாக ஒரு காடு வந்து நின்றது.

"முன்னாடி தெரியறதைத்தான் எல்லாரும் பார்ப்பாங்க. நாம எழுதப்போறது பின்னாடி இருக்கறதை. எது தலைப்பு, எது பத்தி, எது படம்னு கம்ப்யூட்டருக்கு டேக்னு ஒரு அடையாளம் போட்டுக் குடுக்கறோம். அவ்வளவுதான், பயப்படாதீங்க" என்றாள்.

பத்திக்குக் கோண அடைப்புக்குள் ஒரு பி. பத்தி முடிந்தால் அதே பி, முன்னால் ஒரு சாய்கோடு. திறந்ததை மூட வேண்டும், அதுதான் சட்டம். தலைப்புக்கு ஹெச் ஒன்று, அதைவிடச் சின்னத் தலைப்புக்கு ஹெச் இரண்டு. இரண்டாவது நாள் டைப்பு அக்கா தலைப்பைத் திறந்தவள் மூட மறந்துவிட்டாள். கீழே இருந்த குழாய் ரிப்பேர் அறிவிப்பு, அலுவலக நேரம், முகவரி எல்லாம் கொட்டை கொட்டையாக வந்து பக்கத்தை அடைத்துக்கொண்டன.

"எங்க மாமியார் மாதிரி இருக்கு. ஆரம்பிச்சா மூடற டேக்கே கிடையாது" என்றாள். வகுப்பே சிரித்தது. அன்றைக்கு அவள் வீட்டுக்கு நடந்து போனபோது விரல் வலிகூடத் தெரியவில்லை.

நாலாவது வாரம் படம் வைக்கிற பாடம். படத்துக்கு மட்டும் மூடுகிற டேக் கிடையாது என்று டீச்சர் சொன்னதும் அக்காவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். "ஆனா ஆல்ட்னு ஒண்ணு கட்டாயம் இருக்கு. படம் வராமப் போனா அந்த இடத்துல தெரியற எழுத்து அது. கண் தெரியாதவங்களுக்கு அவங்க கம்ப்யூட்டர் அதைத்தான் வாசிச்சுக் காட்டும். படத்துல என்ன இருக்கோ அதைப் பார்த்து எழுதுங்க, சும்மா ஏதாவது அடிச்சு விடாதீங்க" என்றாள் டீச்சர்.

அநியாயத்தைக் கேளுங்கள். டைப்பு அக்கா இதை ஒரு வரி விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டாள். 'கண் தெரியாதவர்களுக்கு' என்ற இடத்தில் சிவப்பு மையால் அடிக்கோடும் போட்டாள். பன்னிரண்டு வருஷமாக எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற ஒருத்தியின் ஞாபகம் அந்த அடிக்கோடு போடும்போது வரவே இல்லை. கண் தெரியாதவர்கள் என்றால் பாடத்தில் வருகிற யாரோ. ஆபரேட்டரின் மேஜையில் இருக்கிற கம்ப்யூட்டர் பேசும் என்பது இவளுக்குத் தெரியும்தான்; டெலிபோன் நம்பர் சொல்வதற்கு மட்டும் அது பேசுவதாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

கடைசி வாரம் 'எங்கள் ஊழியர்கள்' என்ற பக்கத்தை எழுதினாள். ஸ்டூடியோக்காரர் வந்து ஒன்பது பேரைப் படம் எடுத்துக் கொடுத்தார். படங்களுக்கு அவர் கொடுத்திருந்த பெயர்கள் வெறும் எண்கள். எது யாருடையது என்று பின்னால் இருக்கிற எழுத்துக் காட்டில் தெரியவில்லை. டைப்பிஸ்டுகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. வரைவில் சந்தேகம் வந்தால் ஓரத்தில் பென்சிலால் ஒரு சொல் குறித்துவைப்பார்கள்; ஒப்பிட்டுப் பார்க்கிற குமாஸ்தா கையெழுத்துக்குப் போகும் முன் அதை அழித்துவிடுவார். அந்தப் பழக்கத்தில்தான் அவள் ஆல்ட் என்ற இடத்தில் அடையாளத்துக்கு ஒரு சொல் தட்டிவைத்தாள். மேலாளருக்கு அண்டா. காசாளருக்கு மூக்கு. தன் படத்துக்கு 'நான்'. கடைசியாக ஒன்பதாவது படம், ஆபரேட்டருடையது. நிறுத்தி யோசிக்கவில்லை. விரல்கள் தாமாகவே ஒரு சொல்லைத் தட்டின, அவள் அடுத்த வரிக்குப் போய்விட்டாள்.

முன்னால் திறந்து பார்த்தபோது பக்கம் பளிச்சென்று இருந்தது. பென்சில் குறிப்பு ஒன்றும் கண்ணில் படவில்லை. படாததால் ஞாபகமும் வரவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க இங்கே குமாஸ்தா யாரும் கிடையாது. வெள்ளிக்கிழமை பக்கத்தை ஏற்றிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனாள்.

திங்கட்கிழமை காலையில் அவள் மேஜை போன் அடித்தது. "அக்கா, உன் பக்கத்தைப் பார்க்கப் போறேன். சீக்கிரம் வா" என்றாள் ஆபரேட்டர்.

பார்க்கப் போகிறாளா, எப்படி என்று குழம்பிக்கொண்டே டைப்பு அக்கா போனாள். அங்கே ஏற்கெனவே நாலைந்து பேர் கூடியிருந்தார்கள். "எல்லாரும் கேளுங்க, எங்க அக்கா செஞ்சது" என்று சொல்லி, ஆபரேட்டர் காதிலிருந்த ஒயரைப் பிடுங்கிவிட்டு ஒலியைக் கூட்டினாள். கம்ப்யூட்டர் உணர்ச்சியே இல்லாத குரலில் ஆரம்பித்தது.

"தலைப்பு. எங்கள் ஊழியர்கள். படம். அண்டா. மேலாளர்."

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. டைப்பு அக்காவுக்குப் புரிந்தது. "நிறுத்துடி, நிறுத்து" என்று அவள் சொல்வதற்குள், "படம். மூக்கு. காசாளர்" என்றது கம்ப்யூட்டர். சிரிப்பு வெடித்தது. காசாளர் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "யாரும்மா மூக்கு? அப்படியா இருக்கு?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். ஆபரேட்டர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். இந்தப் பெயர்களெல்லாம் அவளுக்கு மனப்பாடம் ஆயிற்றே. "அய்யோ அக்கா, மாட்டினியா!" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "படம். நான். தட்டச்சர்" என்றதும் சிரிப்பு இன்னும் கூடியது.

"படம். பாவம். தொலைபேசி இயக்குநர்."

சிரிப்பு அப்படியே நின்றுபோனது. ஆபரேட்டர் ஒரு விசையைத் தட்டிப் பின்னால் போனாள். "பாவம்" என்றது கம்ப்யூட்டர். மறுபடியும் தட்டினாள். "பாவம்." பிறகு ஒயரைத் தடவி எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டு, "போங்க எல்லாரும், கால் வருது" என்றாள். டெலிபோன் போர்டில் ஒரு விளக்குகூட எரியவில்லை. அதைப் பார்க்க முடிந்த எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு கலைந்து போனார்கள்.

மேலாளர் கூப்பிட்டனுப்பினார். "அண்டாவா மேடம்? வீட்ல சட்டின்னுதான் சொல்றாங்க, நீங்க ஒரேயடியா பெரிசாக்கிட்டீங்க" என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கினார். "என்னைச் சொன்னது போகட்டும். அந்தம்மாவுக்கு எழுதினீங்களே, அதுதான் நல்லா இல்ல. சாயங்காலத்துக்குள்ள மாத்திடுங்க." அவர் கத்தித் தீர்த்திருந்தால் அவளுக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

ஒரு மணி அடித்தது. கூட்டிவரப் போனபோது ஆபரேட்டர் தன் மேஜையிலேயே டப்பாவைத் திறந்து பாதி சாப்பிட்டு முடித்திருந்தாள். அந்த டப்பாவை அவளே திறந்து டைப்பு அக்கா பார்த்தது அன்றைக்குத்தான்.

"ஏய், வேணும்னு பண்ணலைடி. பென்சில்ல குறிக்கற மாதிரிதான்..."

"தெரியும் மேடம். நீங்க ஒண்ணும் கெட்ட எண்ணத்துல எழுதல."

மேடமும் நீங்களும் பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை. அறைந்திருந்தால்கூட அப்படி உறைத்திருக்காது.

"மத்த எட்டு பேருக்கும் பார்த்து எழுதியிருக்கீங்க" என்றாள் ஆபரேட்டர். "மூக்கு, அண்டா, எல்லாம் பார்த்தது. எனக்கு மட்டும் பார்க்காமலே எழுதிட்டீங்க. 'லொடலொட'ன்னு எழுதியிருந்தா சிரிச்சிட்டுப் போயிருப்பேன். எத்தனை தடவை கேட்டிருக்கேன், எனக்கு என்ன பேருன்னு?"

டைப்பு அக்காவுக்கு முதல் நாள் வீட்டுக்குப் போய் கணவரிடம் "ஆபீசுக்கு ஒரு பொண்ணு வந்திருக்கு, பாவம்" என்று சொன்னது ஞாபகம் வந்தது. அன்றைக்கு வைத்த பெயர். அதற்குப் பிறகு மாற்றவே இல்லை.

"நீங்க என் டப்பாவைத் திறந்து குடுப்பீங்க. எனக்கு எதுக்கு? கை நல்லாத்தானே இருக்கு. சிநேகத்துல செய்யறீங்க, செஞ்சுட்டுப் போங்கன்னு விட்டேன். உங்க டப்பா மூடி ஒரு வருஷமா தினமும் மூணு நாலு தடவை வழுக்குது. திறக்கறப்ப மூச்சைப் பிடிச்சுக்குவீங்க. விரல் வலி. எனக்குக் கேட்கும். ஒரு நாளாவது உங்க கையிலேர்ந்து பிடுங்கியிருக்கேனா? நீங்களா கேட்கட்டும்னு இருந்தேன்."

தன் மேஜைக்குத் திரும்பி வந்த டைப்பு அக்காவுக்கு வெட்கத்தில் காது மடலெல்லாம் எரிந்தது. கணவர் தூங்கும்போது சொன்ன வலியை ஒருத்தி ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். கண் இருந்து நான் என்னத்தைக் கிழித்தேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

எட்டுப் படங்களுக்கு அரை மணி நேரத்தில் எழுதிவிட்டாள். 'மேலாளர், நீலச் சட்டையில், மேஜைக்குப் பின்னால்.' 'காசாளர், கண்ணாடிக் கூண்டுக்குள், கையில் முத்திரையோடு.' ஒன்பதாவதில் விரல்கள் நின்றுவிட்டன. 'பார்வையற்ற தொலைபேசி இயக்குநர்' என்று தட்டினாள். மேலாளருக்கு மட்டும் கண் தெரிகிறதென்று எழுதினோமா என்று கேட்டுக்கொண்டு அழித்தாள். 'அன்பான' என்று தட்டினாள், அதுவும் பசப்பு. படத்தில் என்ன இருக்கோ அதைப் பார்த்து எழுதுங்க என்று டீச்சர் சொன்னது நோட்டில் அந்தச் சிவப்புக் கோட்டுக்குக் கீழே கிடந்தது. சரியென்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

நாடியைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஒரு புருவம் மற்றதைவிட மேலே. யாரையோ கிண்டல் பண்ணப்போகிற முகம். காதில் ஹெட்போன், வலது கை ஒரு விசையின் மேல். இந்தப் புருவத்தைப் பன்னிரண்டு வருஷத்தில் பார்த்ததே இல்லையே என்று டைப்பு அக்கா திகைத்தாள். பிறகுதான் படத்தின் ஓரம் கண்ணில் பட்டது. ஆபரேட்டரின் இடது தோளை ஒரு கை அழுத்திப் பிடித்திருந்தது. மணிக்கட்டோடு வெட்டுப்பட்ட கை, வீங்கிய விரல் கணுக்கள்.

ஸ்டூடியோக்காரர் சொன்னார்தான். "கையை எடுங்கம்மா, படத்துல விழுது." "விழுந்துடப் போறாங்க, நீங்க படத்தை எடுங்க" என்றாள் இவள். இரண்டு பக்கமும் கை வைத்த நாற்காலியில், தினமும் எட்டு மணி நேரம் தனியாக உட்கார்ந்து வேலை பார்க்கிறவள் விழுந்துவிடுவாளாம். டைப்பு அக்கா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அடுத்த மேஜைக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார்.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஆபரேட்டரின் மேஜைக்குப் போய் நின்றாள். "எழுதிட்டேன். ஏத்தறதுக்கு முன்னாடி கேளு" என்று காகிதத்தைப் பார்த்துப் படித்தாள். "தொலைபேசி இயக்குநர், காதில் ஹெட்போனுடன், நாடியை உயர்த்தி, ஒரு புருவத்தைத் தூக்கிக் குறும்பான முகத்தோடு. அவருடைய தோளை ஒரு கை பிடித்திருக்கிறது."

ஆபரேட்டர் தன் புருவத்தை விரலால் தடவிப் பார்த்தாள். "தூக்கறேனா? யாரும் சொன்னதில்லையே." பிறகு கேட்டாள், "கையா? யாரு கை?"

"என்னோடது."

"எதுக்குப் பிடிச்சிருக்கீங்க?"

"நீ விழுந்துடுவியோன்னு." காகிதத்தை மடித்தாள். "வேற படம் எடுத்துடலாம். இல்லன்னா அந்த வரியை எடுத்துடறேன்."

"படத்துல இருக்கறதை எழுதணும்னுதானே சொல்லிக்குடுத்தாங்க. இருக்கட்டும். ஒரு கைன்னு போடாதீங்க, யாரு கைன்னு போடுங்க."

டைப்பு அக்கா போய் 'ஒரு கை' என்பதை அழித்துவிட்டு 'தட்டச்சரின் கை' என்று தட்டினாள். பக்கத்தை ஏற்றினாள். அந்த வரி இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. கண்ணால் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது, காதால் வாசிக்கிறவர்களுக்கு மட்டும் கேட்கும்.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் அவள் கோப்பு அறையில் தனியாகச் சாப்பிட்டாள். சாப்பிட்டாள் என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். பாதி நாள் டப்பாவைத் திறக்கவே இல்லை.

பத்தாம் நாள் ஒரு மணிக்கு வராந்தாவில் கைத்தடியின் தட்டல் கேட்டது. ஆபரேட்டர் தானாக நடந்து வந்தாள், வழியில் இருந்த அலமாரியைச் சுற்றிக்கொண்டு, நாற்காலியைத் தொட்டுப் பார்த்து உட்கார்ந்தாள். டைப்பு அக்கா பாதி எழுந்தவள் அப்படியே உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் இறுக்கி வைத்துக்கொண்டாள். எதிரே டப்பாவின் மூடி ஒரே திருகில் திறந்தது. ஸ்பூன் தானாகக் கைக்குப் போனது.

டைப்பு அக்கா தன் டப்பாவை எடுத்தாள். மூடி வழுக்கியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை திருகினாள், வழுக்கியது. எதிரே மெல்லுகிற சத்தம் நின்றிருந்தது. ஆபரேட்டர் கையை நீட்டவில்லை. ஒன்றும் கேட்கவும் இல்லை. ஒரு புருவம் மட்டும் மேலே போயிருந்தது.

டைப்பு அக்கா டப்பாவை மேஜையின் குறுக்கே தள்ளினாள்.

"எனக்கு முடியலடி" என்றாள். "கொஞ்சம் திறந்து குடேன்."